வெல்லம் ஊற்றிய தளம்

1

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு கட்டுகிறார்கள். சென்ற வாரம் அதற்கு மாடித் தளம் போட வந்த கான்கிரீட் லாரி, இடத்துக்குப் போய்ச் சேர முடியாமல் எங்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டது. கலவையை மாடிக்கு ஏற்றும் பம்பு பழுதாம். பெர்த் நகரத்து ஜனவரி வெயில், சித்திரை மாதத்து விழுப்புரத்துக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. லாரியின் முதுகில் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே கலவை மெல்லக் கெட்டிப்படுகிறது என்பது அதன் முனகலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஓய்வு பெற்றுவிட்டாலும் காது ஓய்வு பெறவில்லை.

ஓட்டுநர் சின்ன வயதுக்காரன். ஓடிவந்து கதவைத் தட்டினான். என் மனைவி பச்சையம்மாள் திறந்தாள். சர்க்கரை இருக்குமா, எவ்வளவு இருந்தாலும் கொடுங்கள், என்று கேட்டான். வெள்ளைக்காரர்கள் இங்கே அக்கம்பக்கத்தில் சர்க்கரை கடன் கேட்பது உண்டு. வாளியோடு வந்து கேட்டது இவன்தான் முதல்.

வேறு யாராக இருந்தாலும் "எதற்கு?" என்று கேட்டிருப்பார்கள். பச்சையம்மாள் அவன் தோளுக்கு மேல் லாரியை எட்டிப் பார்த்தாள். உள்ளே போனாள். சர்க்கரை டப்பாவோடு, பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த வெல்லத்தையும் கொண்டுவந்து அவன் கையில் வைத்து, "திஸ் பெட்டர்" என்றாள். அவன் அந்தப் பழுப்பு உருண்டைகளை மோந்து பார்த்தான். நேரமில்லை. வாளித் தண்ணீரில் எல்லாவற்றையும் கரைத்து, ஏணி ஏறி உருளைக்குள் ஊற்றினான். இனி அந்தக் கலவை எதற்கும் ஆகாது, கொட்டத்தான் வேண்டும். ஆனால் உருளைக்குள்ளேயே கல்லாகிவிடாது. லாரி பிழைத்தது.

அன்று எங்கள் மகள் வளர்மதி விடுமுறையில் வீட்டிலிருந்தாள். பல் மருத்துவர். "அம்மா, உனக்கு எப்படித் தெரியும் இது? அந்த பிரவுன் கல்லு சர்க்கரை தானே, அத எப்படி சிமெண்ட்ல..." என்று பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகக் கேட்டாள். நானும் பச்சையம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். வளர்மதிக்குக் கோபம். அவளை விட்டுவிட்டு நாங்கள் சிரித்தால் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே ஆகாது.

இத்தனைக்கும் அந்தக் கதை நடந்தபோது அவளும் கூடவே இருந்தாள். அம்மா வயிற்றில். அவளுக்கு நான் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன், சுவை இல்லை. தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதி போய்ச் சேராது. அதனால் விழுப்புரத்துக்காரர்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எண்பதுகளின் தொடக்கம். மஸ்கட்டில் ஒரு கான்கிரீட் கலவை நிலையத்தில், பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. கலவையைக் கூம்பில் அடைத்து, கூம்பைத் தூக்கிவிட்டு, அது எவ்வளவு சரிகிறது என்று பார்க்க வேண்டும். இரும்பு அச்சில் கட்டை வார்த்து, இறுகிய பிறகு இயந்திரத்தில் வைத்து நசுக்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை செய்வது, பிறகு உடைப்பது. ஊரில் யாராவது கேட்டால் "கெமிஸ்டு" என்று அப்பா சொல்லிக்கொள்வார். நான் மறுத்ததில்லை.

அங்கே இரண்டு பீப்பாய்கள் எனக்குப் பொறுப்பு. ஒன்றில் இருப்பது கலவையை ஓட வைக்கும் சரக்கு. ரவையை வெந்நீரில் கொட்டினால் கட்டி கட்டுகிறதே, சிமெண்டும் தண்ணீரில் அப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்தச் சரக்கைக் கொஞ்சம் விட்டால் கட்டி பிரிந்து, தண்ணீரைக் கூட்டாமலே கலவை இளகி ஓடும். மற்றொரு பீப்பாயில் இருப்பது இறுகுவதைத் தள்ளிப்போடும் சரக்கு. அது இல்லாவிட்டால் மஸ்கட் வெயிலில் லாரி போய்ச் சேருமுன் கலவை கல்லாகிவிடும்.

இந்த இரண்டாவது பீப்பாயின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு வீட்டு ஞாபகம் வரும். காரணம் சாதாரணம்தான். என் அப்பா கோதண்டம் விழுப்புரத்தில் வெல்ல மண்டி வைத்திருந்தார். அந்தப் பீப்பாய், மழைக்காலத்தில் மண்டிக்குள் அடிக்கும் கசிந்த வெல்ல வாசனையே அடித்தது. எங்கள் இன்ஜினியர் சித்திக் சூடான் நாட்டுக்காரர், சிரித்த முகம். அவரிடம் சொன்னபோது, "வாசனை வராமல் என்ன? சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட தம்பி அது" என்றார். அளவாக விட்டால் கலவை சற்று நேரம் தூங்கி எழுந்திருக்கும். அளவு கூடினால் நாள்கணக்கில் தூங்கும். இன்னும் கூடினால் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. எங்கள் நிலையத்தில் ஒருமுறை குழாய் பழுதாகி அளவு கூடிப்போய், ஒரு தரைத்தளம் ஒரு வாரம் போலக் களிமண்ணாகக் கிடந்தது. உடைக்கலாம் என்று எல்லோரும் சொல்ல, சித்திக் மட்டும் ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுக் காத்திருந்தார். இறுகியது. நன்றாகவே இறுகியது.

3

அந்த வருஷம்தான் அப்பா விழுப்புரத்தில் பழைய ஓட்டுக்கூரையைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டினார். சிமெண்ட் அப்போது கேட்டவுடன் கிடைக்கிற பொருளில்லை. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து பர்மிட் வாங்க வேண்டும். இன்றைக்கு வா, நாளைக்கு வா, பெரியவர் கேம்ப் போயிருக்கிறார் என்பார்கள். அப்படி வாங்கி வந்த மூட்டைகளை அப்பா வீட்டுக்குள் கட்டில் பக்கத்திலேயே அடுக்கிவைத்திருந்தாராம். தாலிக்குத் தங்கம் எடுத்து வந்தபோதுகூட அவர் அவ்வளவு காவல் காக்கவில்லை என்று அம்மா சொல்வாள்.

கட்டியவர் என் மாமனார் ஏழுமலை மேஸ்திரி. திண்டிவனத்துக்காரர். சம்பந்தி வீட்டு வேலை என்பதால் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்தார். பச்சையம்மாள் அப்போது விழுப்புரத்தில் என் வீட்டில் இருந்தாள். வளர்மதி வயிற்றில். அப்பன் கட்டுகிற வீட்டில் பிள்ளையோடு குடியேறப் போகிறோம் என்று அவளுக்குப் பெருமை.

தளம் போட்டது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வாரத்தின் நடுவில், விடுப்பு முடிந்து திரும்பிய மயிலத்துக்காரர் ஒருவர் என் அறைக்கு வந்து ஒரு கேசட்டைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் நாங்கள் பேசிக்கொண்டது அதிகமும் கேசட்டில்தான். பச்சையம்மாளின் குரல். பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டது. எங்கள் தெருவில் பஸ் வராது. சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"இன்னாங்க, நான் திண்டிவனத்துல இருந்து பேசறேன். தளம் இறுகல. வெள்ளிக்கெழம போட்டது, ஞாயித்துக்கெழமயும் விரல் வெச்சா உள்ள போவுது. உங்கப்பா வாசல்ல நின்னுக்கினு, சந்தைக்குப் போற சனம் மொத்தமும் கேக்கற மாதிரி, எங்கப்பாவ சிமெண்டுத் திருடன்னு சொன்னாருங்க. மூட்டைய வித்துட்டு சாம்பல கலந்துட்டாருன்னு சொன்னாரு. எங்கப்பா கரணைய கழுவி பையில போட்டுக்கினு நடந்துட்டாரு. நானும் பொறப்பட்டு வந்துட்டேன். அத்தை அழுதாங்க, நிக்கச் சொன்னாங்க. எந்த வாசல்ல நின்னு சொன்னாரோ அதே வாசல்ல நின்னு இல்லன்னு சொல்ற வரைக்கும் நான் அந்த வீட்ல கால வெக்க மாட்டேன். நீங்க வந்து கூப்ட்டாலும் வர மாட்டேன். உங்க மேல கோவம் இல்ல. சாப்ட்டீங்களா?"

கடைசிக் கேள்வியை மட்டும் நான் பலமுறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். மற்றதை ஒருமுறைக்கு மேல் கேட்க முடியவில்லை. பச்சையம்மாள் மிரட்டுகிறவள் இல்லை. வர மாட்டேன் என்றால் வர மாட்டாள். அப்பாவும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குகிற ஜாதி இல்லை. மண்டியில் எடை தவறாகச் சொல்லிவிட்டால்கூடச் சரக்கைக் கூட்டிக் கொடுப்பாரே தவிர, தப்பு என்று வாயால் சொல்ல மாட்டார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் குடித்தனம். இடையில் ஒரு கடல்.

மாமனார் திருடியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் தளம் ஏன் இறுகவில்லை?  மறுநாள் காலை வேலைக்குப் போய், வழக்கம்போல இரண்டாவது பீப்பாயின் மூடியைத் திறந்தேன். மண்டி வாசனை முகத்தில் அடித்தது. அளவுக் குவளையை அப்படியே வைத்துவிட்டு சித்திக்கிடம் அனுமதி கேட்டு டெலிபோன் ஆபீசுக்கு ஓடினேன்.

4

டெலிபோன் ஆபீசில் வரிசை. எந்த ஊர் என்று கேட்ட குமாஸ்தாவுக்கு விழுப்புரத்தை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் பம்பாய்க்குப் போட்டுத்தரட்டுமா என்று கேட்டார். பம்பாயில் எனக்கு யாரும் இல்லை ஐயா என்றேன். கடைசியில் எங்கள் தெரு ரைஸ்மில்லில் மணி அடித்து, யாரோ ஓடிப்போய் அப்பாவை அழைத்துவந்தார்கள்.

"அப்பா, தளம் போட்ட அன்னிக்கி கலவையில வெல்லம் ஏதாச்சும் ஊத்துனீங்களா?"

"ஊத்தாம?" அப்பாவின் குரலில் பெருமை. "ஒரு அண்டா கரைச்சி, கலவைக்கு வெச்சிருந்த தண்ணி டிரம்முல என் கையாலயே ஊத்துனேன். எல்லாம் கண்டாச்சிபுரத்து சரக்கு. மொத தரம்."

"மாமா பாத்தாரா?"

"அவரு மேல மட்டம் பாத்துக்கினு இருந்தாரு. மொதல் கலவைக்கி ஒரு துண்டு வெல்லமும் பாலும் விட்டப்ப இருந்தாரு. பொறவு நான் பாத்தேன், இன்னாடா இது, மண்டிக்காரன் வூட்டுத் தளத்துக்கு ஒரு துண்டா? சித்தாளுங்க எல்லாம்தான் பாத்துக்கினு இருந்தாங்க. இதுல இன்னாடா இருக்குது?"

அங்கேதான் எல்லாம் இருந்தது. முதல் கலவையில் வீட்டுக்காரர் கையால் ஒரு துண்டு வெல்லம் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அது போதாது என்று நினைத்தது என் அப்பாவின் தாராளம். அவர் மேல் எனக்கு அந்த நேரத்திலும் கோபம் வரவில்லை. அவருடைய அப்பா கட்டிய மண்டியின் மேல்தளம் சுண்ணாம்பு. அதற்குக் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் அடித்தார்கள். அந்தத் தளம் எத்தனையோ மழையைப் பார்த்துவிட்டது. நல்லது செய்வதாக நினைத்து, இருப்பதிலேயே உயர்ந்த சரக்கை ஊற்றினார். ஊற்றியது ஒரு குற்றமாக இருக்கும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அதனால்தான் குற்றத்தைத் தேடி அவர் கண் வேறு பக்கம் போயிற்று.

"அப்பா, அதனாலதான் இறுகல. வெல்லம் சுண்ணாம்புக்கு நல்லது. சிமெண்ட தூங்க வெச்சிடும். இங்க நாங்க பீப்பாய்ல வெச்சி ஊத்தறதே அந்த மாதிரி ஒண்ணுதான்."



"போடா. வெல்லம் எங்கயாச்சும் கெடுதல் பண்ணுமா?"

"கெடுதல் இல்லப்பா, லேட்டு. உடைச்சிடாதீங்க. அடியில தாங்கற முட்டுக் கம்புங்கள பிரிக்க விடாதீங்க. சாக்க நனைச்சி மேல போட்டு ஈரம் காயாம வெச்சிக்கினு காத்திருங்க."

"சென்ட்ரிங்காரன் பேஜாரு பண்றான். தளத்துக்கு அடியில வெச்ச தகட்ட குடு, கண்டாச்சிபுரத்துல வேல கெடக்குதுங்கறான். ஒடச்சிட்டு ஜல்தியா வேற போட்டுடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஒடச்சீங்கன்னா மாமா திருடருன்னு ஊர் முடிவு பண்ணிடும். மாமாகிட்ட இத சொல்லிடுங்கப்பா. பச்சையம்மாள கூட்டிக்கினு வந்துடுங்க."

"மொதல்ல இறுவட்டும்," என்றார். "இறுவுனா நீ சொல்றது நெசம். இறுவலன்னா நான் சொன்னது நெசம்."

தொடர்பு அறுந்துவிட்டது. எவ்வளவு ஊற்றினார் என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு அண்டா என்றால் எந்த அண்டா? தூங்கி எழுந்திருக்கும் அளவா, எழுந்திருக்காத அளவா?

5

இப்போது வளர்மதிக்கு இதெல்லாம் விளங்குவதில்லை. "ஏன் நீங்கள் தினமும் போன் போட்டுக் கேட்கவில்லை?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.

நான் செய்தது இதுதான். மஸ்கட்டின் ரூவி கடைத்தெருவில் நம்மவர் கடையில் வெல்லம் வாங்கினேன். எங்கள் வீட்டு அண்டாக்களில் நடுத்தரமானதை மனதில் வைத்துக்கொண்டு, மூட்டைக்கு இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டு, அந்த விகிதத்தில் கலவை பிசைந்து ஓர் அச்சில் வார்த்து, ஈரச் சாக்கைப் போர்த்தி மூலையில் வைத்தேன். அது சரியான கணக்கு என்று சொல்ல மாட்டேன். அந்த அண்டாவின் வாயை ஞாபகப்படுத்திக் கையை விரித்து விரித்துப் பார்த்ததைக் கண்டு சித்திக் விழுந்து விழுந்து சிரித்தார். காரணத்தைச் சொன்ன பிறகு சிரிக்கவில்லை. அச்சின் மேல் "தொடாதே" என்று அரபியில் அவரே எழுதி ஒட்டினார்.

அந்த அச்சுதான் எனக்கு விழுப்புரம். காலையில் உள்ளே நுழைந்ததும் சாக்கை நீக்கிக் கட்டைவிரலை வைத்து அழுத்துவேன். உள்ளே போகும். பிசினாக ஒட்டும். மறுபடி மூடிவிட்டு வேலைக்குப் போவேன்.  பிள்ளை பிறக்கும்போது பச்சையம்மாள் எந்த வீட்டில் இருப்பாள் என்பதை ஒரு களிமண் கட்டை சொல்ல வேண்டியிருந்தது. அறையில் இருந்தவர்கள் ஜோசியம் பார்க்கச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டிருப்பதும் அதுதான் என்றேன்.

ஒரு காலை விரலை வைத்தேன். போகவில்லை. நகத்தால் கீறினேன். கீறல் விழவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சித்திக் வந்து தன் சாவிக்கொத்தால் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, என் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினார். ஆனால் அது என் அச்சு. அப்பாவின் தளம் என்ன ஆயிற்று என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கே பெர்த்துக்குக் குடிபெயர்ந்தபோது ஒரு வேடிக்கை. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் மிஸ்டர் கோதண்டம். சேகர் என்று கூப்பிட ஆள் இல்லை. மனைவிக்கும் அதே பெயர்தான் என்று அவர்களே போட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் "மிஸஸ் கோதண்டம்" என்று கூப்பிட்டால் பச்சையம்மாள் முதலில் எழுந்திருக்கவே மாட்டாள். எந்த மாமனாரை எதிர்த்துப் பெட்டியைக் கட்டினாளோ, அவர் பெயரைச் சுமந்துகொண்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று சிரிப்பாள். அவர் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தடவை சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

6

இரண்டாவது கேசட்டைக் கொண்டுவந்தவரும் அதே பக்கத்து ஆள்தான். இடையில் நடந்ததைப் பச்சையம்மாள் அதன் தொடக்கத்தில் சொல்லியிருந்தாள்.

எல்லோரும் உடைக்கச் சொன்னபோதும் அப்பா உடைக்கவில்லை. சென்ட்ரிங்காரரை எப்படியோ சமாதானப்படுத்தியிருக்கிறார். மண்டிச் சாக்குகளையெல்லாம் நனைத்துத் தளத்தின் மேல் பரப்பி, காலையும் மாலையும் தானே ஏணி ஏறித் தண்ணீர் தெளித்திருக்கிறார். ஒருநாள் மண்டியிலிருந்து எடைக்கல்லை எடுத்துக்கொண்டு மேலே போய்த் தட்டினாராம். கணீரென்றதாம். இறங்கி வந்து நேரே திண்டிவனத்துக்குப் பஸ் ஏறிவிட்டார்.

அங்கே போய், வாசலில் நின்று, "தளம் இறுவிடுச்சி. கெளம்பும்மா, போலாம்" என்றாராம். பச்சையம்மாள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள், சாப்பாடு போட்டிருக்கிறாள். புறப்படவில்லை. "எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க மாமா" என்றிருக்கிறாள். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார்.

நாலைந்து வாரம் ஆயிற்று. முட்டுப் பிரித்து, பூச்சு முடிந்து, புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் குறித்தார்கள். பூச்சு வேலைக்கு மாமனாருக்குப் பதில் வேறு கொத்தனார் வந்தார் என்பது ஊர் வாய்க்கு இன்னொரு பிடி அவல். அம்மா போய்க் கெஞ்சியதால் விழாவுக்கு மட்டும் மாமனார் மகளோடு வந்தார். வந்தவர்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். பச்சையம்மாள் வாசலைத் தாண்டவில்லை. வளர்மதி அப்போது வெளியே தெரியும் அளவுக்கு வளர்ந்திருந்தாள். விழாவுக்கு வந்த மற்றவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல உள்ளே போனார்கள்.

விழாவை எனக்காகக் கேசட்டில் பிடித்திருந்தார்கள். மைக்செட் காலையிலிருந்து அலறிக்கொண்டிருக்கிறது. நாதஸ்வரம், பிறகு பக்திப் பாட்டு. திடீரென்று பாட்டு பாதியில் நிற்கிறது. மைக்கை யாரோ தட்டுகிறார்கள். மண்டியில் ஏலம் கூறிப் பழகிய தொண்டை. என் அப்பா.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. நான் கோதண்டம் பேசறேன். இந்தத் தளம் லேட்டா இறுகுனதுக்குக் காரணம் நான். வெல்லத் தண்ணிய நான்தான் ஊத்துனேன். சம்பந்தி சிமெண்ட திருடல. ஒரு பிடி சாம்பல் கலக்கல. இதே வாசல்ல நின்னு நான் சொன்னது தப்பு."

தப்பு என்ற சொல்லை என் அப்பா வாயிலிருந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.  பிறகு, சற்றுத் தள்ளி, என் மாமனாரின் குரல். 

"சம்பந்தி, போதும். மைக்க வைங்க. ஊரே கேக்குது."

"கேக்கட்டும்," என்கிறார் அப்பா, மைக்கிலேயே. "அன்னிக்கும் ஊரேதான கேட்டுச்சி. நீ உள்ள வாம்மா."